ஒரு டிரா கிடைச்சிருந்தா போதும்

கேள்வி: சார், ஐரோப்பிய நாடுகளோட கால்பந்துக் கோப்பை யூரோ 2008-க்கான தகுதிச் சுற்றுல கடைசி மேட்ச்ல டிரா பண்ணாலே இங்கிலாந்து உள்ள போயிருக்கும், அதுவும் சொந்த மைதானம் வெம்ப்ளியில. அப்படியும் குரோஷியாகிட்ட 2-3ன்னு தோத்துட்டாங்க. கோல்கீப்பர் கார்சன் சொதப்பினதாலதான்னு என் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, சரியா?

பதில்: அந்தப் பையன் மேல மொத்தப் பழியையும் போடுறது எனக்கு மனசு ஒப்பல. 2007 நவம்பர் 21, நல்ல மழை, புல்லு சொதசொதன்னு இருக்கு, கார்சனுக்கு 22 வயசு, இங்கிலாந்துக்காக அதுக்கு முன்னாடி ஆடினது ஒரே ஒரு நட்பு ஆட்டம். எட்டாவது நிமிஷத்துல குரோஷியாவோட கிராஞ்சார் தூரத்துல இருந்து அடிக்கிறார், பந்து கார்சனுக்கு முன்னாடி ஈரத்துல பட்டு எகிறி கையில மோதி உள்ள போயிடுது. பாத்தவங்களுக்கே வயித்த பிசைஞ்சிருக்கும். ஆறு நிமிஷத்துல ஓலிச் இன்னொண்ணு போட்டுட்டார், அதுல டிஃபென்ஸே திறந்து கிடந்துச்சு. அப்புறம் லாம்பார்ட் பெனால்டி, 65-ல பெக்காம் க்ராஸ் குடுக்க க்ரவுச் நெஞ்சுல வாங்கி அடிச்சு 2-2 ஆக்கினார், அந்த நேரத்துல இங்கிலாந்து தகுதி பெற்ற டீம்தான்! 77-ல குரோஷியாவோட பெட்ரிச் இடது கால்ல ஒண்ணு விட்டார் பாருங்க, கதை முடிஞ்சுது.

ஆனா பாயிண்ட் போனது அன்னிக்கு மட்டும் இல்லங்க. 2006 அக்டோபர்ல ஓல்ட் டிராஃபோர்டுல மாசிடோனியாவோட 0-0, சொந்த மண்ணுல! அந்த ஒரு மேட்ச் ஜெயிச்சிருந்தா வெம்ப்ளியில தோத்தும் உள்ள போயிருப்பாங்க. அதுக்கப்புறம் ஜாக்ரெப்ல குரோஷியாகிட்ட 0-2, டெல் அவிவ்ல இஸ்ரேலோட 0-0. மாஸ்கோவுல செயற்கைப் புல்தரையில ரூனி கோல் போட்டு முன்னாடி இருந்துட்டு, நாலே நிமிஷ இடைவெளியில ரஷ்யாவோட பாவ்லியுச்சென்கோகிட்ட ரெண்டு வாங்கி 1-2. ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டதை கடைசி ராத்திரி ஒரு பையன் தலையில கட்டுறது நியாயமே இல்ல. கோச் மெக்லாரனை மறுநாளே தூக்கிட்டாங்க.

கேள்வி: குரோஷியாவோட டிரா ஆயிருந்தா இங்கிலாந்துக்கும் 24 பாயிண்ட், ரஷ்யாவுக்கும் 24 தானே? அப்போ எப்படி இங்கிலாந்து போகும்?

பதில்: அந்தத் தகுதிச் சுற்றுல பாயிண்ட் சமமானா அந்த ரெண்டு டீமும் தங்களுக்குள்ள ஆடின மேட்சைத்தான் முதல்ல பாப்பாங்க, மொத்த கோல் வித்தியாசம் எல்லாம் அப்புறம்தான். வெம்ப்ளியில இங்கிலாந்து 3-0ன்னு ஜெயிச்சிருந்துச்சு, மாஸ்கோவுல 1-2ன்னு தோத்துச்சு, கூட்டினா 4-2, அதனால இங்கிலாந்துதான் மேல. கடைசியில குரோஷியா 29, ரஷ்யா 24, இங்கிலாந்து 23, இஸ்ரேலும் 23. முதல் ரெண்டு பேருக்குத்தான் இடம்.

கேள்வி: குரோஷியா ஏற்கனவே தகுதி பெற்றாச்சே, எதுக்கு உயிரைக் குடுத்து ஆடினாங்க?

பதில்: அதுதான் எனக்கு அந்த டீம் மேல மரியாதை. நாலு நாள் முன்னாடி மாசிடோனியாகிட்ட 0-2ன்னு தோத்துட்டாங்க, இருந்தாலும் அதே நாள் ரஷ்யா இஸ்ரேல்கிட்ட தோத்ததால இவங்க உள்ள போயிட்டாங்க. அதுக்கப்புறமும் கோச் பிலிச்சோட பசங்க வெம்ப்ளியில 2-2 ஆனப்போ சரி போகட்டும்னு விடல. நீங்க அடுத்த ரவுண்டுக்கு போயாச்சுங்கிறதுக்காக இன்னொரு டீமோட தலையெழுத்தை அலட்சியமா விடக்கூடாது, ரஷ்யாவுக்கு அவங்க செஞ்சது அந்த நேர்மைதான்.

ரஷ்யா இஸ்ரேல்கிட்ட தோத்த அந்த டெல் அவிவ் மேட்சைப் பத்தியும் சொல்லியே ஆகணும். ஸ்கோர் 1-1, கடைசி நிமிஷங்கள், ரஷ்யாவோட சிச்சோவ் அடிச்ச பந்து போஸ்ட்ல பட்டுத் திரும்புது, கொஞ்ச நேரத்துலயே இஞ்சுரி டைம்ல இஸ்ரேலோட கோலன் அந்தப் பக்கம் கோல் போட்டு 2-1. ரஷ்யாவோட வாழ்க்கையே முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு அன்டோராவுல ரஷ்யாவுக்கு ஒரே ஒரு கோல் கிடைச்சுது, போட்டது அதே சிச்சோவ். அந்த கோல்ல போன ரஷ்யா செமி ஃபைனல் வரைக்கும் போச்சு.

கேள்வி: அன்டோரா மாதிரி குட்டி டீம் எல்லாம் எதுக்கு சார் க்ரூப்ல? 12 மேட்ச், 12 தோல்வி.

பதில்: அப்படிச் சொல்லாதீங்க. கடைசி நாள் ரஷ்யாவை 1-0க்கு மேல போக விடாம நின்னவங்க அவங்க. அந்த ராத்திரி அன்டோரா ஒரே ஒரு கோல் போட்டு டிரா பண்ணியிருந்தா ரஷ்யா 22-ல நின்னிருக்கும், குரோஷியாகிட்ட தோத்த இங்கிலாந்து 23 பாயிண்டோட உள்ள போயிருக்கும்.