டைம் மெஷின் நாவல் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

(எச்.ஜி.வெல்ஸ் 1895ல எழுதுனது. சஸ்பென்ஸ் எல்லாம் உடையும், அப்புறம் திட்டாதீங்க.)

கேள்வி: அண்ணா நான் படிச்சதில்ல, ஈலாய் மார்லாக்னா யாரு?

பதில்: ஹீரோ காலத்துல பயணம் போற ஒரு மெஷின் செஞ்சு, அதுல 802701ஆம் வருஷத்துக்குப் போறான். மேல ஈலாய், நாலடி உயரம், அழகா இருப்பாங்க, பழம் தின்னுட்டு விளையாடுறதுதான் வேலை. கீழ மண்ணுக்குள்ள மார்லாக், வெளுத்த உடம்பு, பெரிய கண்ணு, வெளிச்சம் ஆகாது, அங்க உள்ள எந்திரங்கள ஓட்டுறது இவங்கதான். இருட்டுனா மேல வந்து ஈலாய புடிச்சுட்டுப் போய் தின்னுடுவாங்க. ரெண்டு பேருமே நம்ம வாரிசுங்க.

கேள்வி: தோழர், அப்ப இது தொழிலாளி முதலாளிய பழி வாங்குற புரட்சிக் கதைதானே?

பதில்: அவ்ளோ ஈஸியா முடிக்க முடியாது தோழர். ஹீரோ முதல்ல இது ஏதோ கம்யூனிச சொர்க்கம்னு நினைக்கிறான், அப்புறம் மேல எஜமான் கீழ அடிமைன்னு நினைக்கிறான், கடைசிலதான் ஈலாய் பட்டில அடைச்ச ஆடு மாதிரின்னு புரியுது. புரட்சின்னு எதுவும் நடக்கல, பழைய பழக்கத்துல மார்லாக் இன்னும் ஈலாய்க்கு துணி செருப்பெல்லாம் செஞ்சு குடுக்குறாங்க, அத்தோட சாப்பிடவும் செய்றாங்க. எனக்கு உறுத்துறது வேற, ஹீரோ மனசு கடைசி வரைக்கும் ஈலாய் பக்கம்தான், காரணம் முகம் அழகா இருக்கு அவ்ளோதான், உழைக்குறவன அடிச்சுக் கொல்ல கை பரபரக்குது அவனுக்கு. அவனும் நல்லா தின்னு வளந்த லண்டன்காரன்தானே.

கேள்வி: மண்ணுக்கடியில வாழ்றதுங்குற ஐடியா எங்கருந்து வந்துச்சு?

பதில்: வெல்ஸோட வாழ்க்கைலருந்தே. லண்டன் பக்கத்துல பிராம்லிங்குற ஊர்ல அவங்க வீட்டு சமையலறையே தரைக்குக் கீழதான். அப்புறம் அவரோட அம்மா இங்கிலாந்துல சசெக்ஸ் பக்கம் அப்பார்க்னு ஒரு பெரிய மாளிகைல வீட்டு நிர்வாகியா வேலை பாத்தாங்க, அங்க வேலைக்காரங்க போக வர சுரங்கப்பாதை உண்டு, எஜமானுங்க கண்ணுல படாம சாப்பாடு வந்து சேரும். லண்டன்ல தரைக்கடியில ரயில் 1863லயே ஓட ஆரம்பிச்சாச்சு, ஹீரோவே அதத்தான் உதாரணமா சொல்றான்.

கேள்வி: சார், எவல்யூஷன்னா முன்னேறிட்டே போறதுதானே, ஈலாய் எப்படி மக்கானாங்க?

பதில்: அந்த நினைப்ப உடைக்கத்தான் கதையே. வெல்ஸ் 1884ல லண்டன்ல டார்வினோட பரிணாமக் கொள்கைக்காக வாதாடுன விஞ்ஞானி ஹக்ஸ்லிகிட்ட உயிரியல் படிச்சவரு. 1880லயே ரே லங்கெஸ்டர்னு ஒரு விஞ்ஞானி, சூழல் ரொம்ப சொகுசானா உயிரினம் கீழயும் போகும்னு எழுதிட்டாரு. உதாரணத்துக்கு, கடல் பாறைல ஒட்டி வாழுற ஒரு ஜந்து இருக்கு, குஞ்சா நீந்துறப்ப வால், கண்ணு, முதுகுத்தண்டுக்கு முன்னோடியான ஒரு தண்டு எல்லாம் உண்டு, ஒட்டிக்கிட்ட அப்புறம் அதெல்லாம் போயிடும். ஆபத்தும் தேவையும் இல்லாத எடத்துல மூளைக்கு என்ன வேலை? அதான் ஈலாய்.

கேள்வி: 8 லட்சம் வருஷத்துல நிஜமாவே ரெண்டு இனமா பிரிய முடியுமா?

பதில்: நம்ம இனத்துக்கே சுமார் 3 லட்சம் வருஷம்தான் ஆகுது, அதனால நேரம் பத்தும். ஆனா ரெண்டு கூட்டமும் கலக்கவே கூடாது. பணக்காரன் ஏழை கல்யாணம் நின்னு போனதாலதான் பிரிஞ்சாங்கன்னு ஹீரோவும் கணக்கு போடுறான்.

கேள்வி: படம் பாத்தா போதுமா?

பதில்: போதாது. 1960 படத்துல யுத்தத்தால பிரிஞ்சாங்கன்னு ஆக்கிட்டாங்க, 2002 படத்துல நிலா உடைஞ்சதுதான் காரணம்னு ஆக்கிட்டாங்க (டைரக்டர் வெல்ஸோட கொள்ளுப்பேரன் வேற!). வர்க்கம்தான் கதையோட முதுகெலும்பு, ரெண்டுலயும் அத உருவிட்டாங்க. நாவல் சின்னதுதான், காப்பிரைட்டும் முடிஞ்சாச்சு, ஆரம்பத்துல நீளம் அகலம் உயரம் மாதிரி காலமும் ஒரு நாலாவது பரிமாணம்னு கொஞ்சம் இழுப்பாரு, பொறுத்துக்கோங்க.