தனியாகக் கேட்டால் பிள்ளைகள் பேசுவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: அங்கன்வாடியில் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான இருபது பிள்ளைகள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். பாட்டென்றால் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள். தனியாகக் கேட்டால் ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சிறுமி சேர்ந்து ஒரு மாதமாகியும் வாயே திறக்கவில்லை. எப்படிப் பேசவைப்பது?

பதில்: அவர்கள் ஏற்கெனவே எதில் மூழ்கியிருக்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கும் பையன் "ரயிலு" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை கொட்டை, எண்ணு பாப்போம்" என்றால் எண்ணிச் சொல்லிவிடுவான்; ரயிலும் அத்தோடு நின்றுவிடும். அவனருகில் உட்கார்ந்து, "அடேயப்பா, எவ்வளவு நீளம்! யாரெல்லாம் ஏறியிருக்காங்க?" என்று கேட்டால், அவன் சொன்னதோடு நீங்கள் ஒன்றைச் சேர்க்க, அவன் இன்னொன்றைச் சேர்க்க, பேச்சு நாலைந்து முறையாவது கைமாறும். எத்தனை பெட்டி என்ற கணக்கை அதற்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம்.

கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடியே பொறுத்திருந்தது தெரியவந்தது. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினார்கள். அவர் ஆராய்ந்தது பள்ளி மாணவர்களை. மூன்று வயதுக் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே பொறுத்திருங்கள்.

"நேத்து ஊருக்குப் போவேன்" என்று ஒரு குழந்தை சொன்னால் தப்பென்று நிறுத்தாமல், "ஓ, நேத்து ஊருக்குப் போனியா? அங்க யாரு இருந்தாங்க?" என்று கேளுங்கள், சரியான வடிவம் காதில் விழுந்துவிடும், பேச்சும் அறுபடாது.

இருபது பேரிடமும் ஒரே நாளில் இப்படிப் பேச முடியாது. கை கழுவ நிற்கையிலும் முட்டை உரித்துத் தருகையிலும் கிடைக்கும் நேரத்தில் நாளுக்கு நாலைந்து பேரிடம் பேசினால் போதும். யாரிடம் பேசினோம் என்று குறித்துக்கொள்ளாவிட்டால், வாயாடிப் பிள்ளைகளே நம் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சிறுமியை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திப் பேர் கேட்பதை அறவே விட்டுவிடுங்கள். புதிய இடத்தில் ஒரு மாத மௌனம் அபூர்வமானதன்று. தட்டு எடுத்து வைக்க அவளை உடன் வைத்துக்கொண்டு, அவள் செய்வதை நீங்களே சொல்லிக்கொண்டிருங்கள். தலையாட்டலையும் விரல் சுட்டலையும் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் எப்படிப் பேசுகிறாள், எந்த மொழியில் பேசுகிறாள் என்று தாயிடம் விசாரியுங்கள். வீட்டிலும் பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தெரியவந்தால், பரிசோதனைக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவுக்காகக் காத்திராமல், செவித்திறனைச் சோதிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.