லூபஸும் மூச்சும்: நுரையீரல் மருத்துவரிடம் கேட்டவை

லூபஸ் (உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) நுரையீரலை என்ன செய்யும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் நுரையீரல் மருத்துவர். வாதநோய் மருத்துவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாக லூபஸ் உள்ளவர்களைப் பார்த்துவருகிறேன். என் துறைக்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: லூபஸ் வந்து நான்கு வருடம் ஆகிறது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் மனப்பிரமை என்கிறார்கள்.

பதில்: பிரமை இல்லை, சகோதரி. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. லூபஸ் மார்புக்குள் வந்தால் பெரும்பாலும் முதலில் தொடுவது அவற்றைத்தான். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எப்போதாவது இந்த உறை அழற்சி வருகிறது. வழவழவென்று வழுக்க வேண்டிய உறைகள் உரசிக்கொள்வதால்தான் இழுக்கும் மூச்சில் குத்துகிறது. ஸ்டெத்தஸ்கோப்பை வைத்தால் சிலருக்குப் புதுத் தோல்செருப்பு நெரிகிற மாதிரி சத்தம் கேட்கும். நீர் கோக்காதவரை எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அதனால் எக்ஸ்ரே சரியாக இருப்பதை வைத்து வலியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வலி நிவாரணியோ குறைந்த அளவு ஸ்டீராய்டோ பெரும்பாலும் போதும். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தால் வலி நிவாரணியை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வலி திடீரென்று வந்து, கூடவே மூச்சு வாங்கி, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். லூபஸ் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். லூபஸ் நேரடியாக நுரையீரலைத் தாக்கி நிமோனியா மாதிரி காட்டுவது உண்டு. ஆனால் அது அரிது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அதைத் தொற்றாகத்தான் பார்க்க வேண்டும். காசநோயும் அந்தப் பட்டியலில் உண்டு. சளிப் பரிசோதனை, ரத்தக் கல்ச்சர், தேவைப்பட்டால் சி.டி. எல்லாம் அதற்காகத்தான். தொற்றின் மேல் ஸ்டீராய்டைக் கூட்டினால் தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறோம். அதற்காக, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பல மாதம் வெளியிலிருந்து வாங்கிப் பழகிய உடம்பு உடனே தானாகச் சுரந்துகொள்ளாது. ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

கேள்வி: ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு கூடினால் தொற்று, கூடாவிட்டால் லூபஸ் என்கிறார்களே?

பதில்: பாதி சரி. லூபஸ் மட்டும் கிளம்பும்போது சி.ஆர்.பி. அவ்வளவாக ஏறுவதில்லை. ஆனால் உறை அழற்சியில் ஏறும். அதனால் மார்பு வலியோடு வருகிறவரிடம் இந்த ஒரு எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது.

கேள்வி: லூபஸ் தொற்றுமா?

பதில்: தொற்றாது.

கேள்வி: சிறுநீரில் நுரை வருகிறது.

பதில்: சிறுநீரக மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஸ்கேன் சுத்தம், எக்கோ சுத்தம். ஆனாலும் மாடி ஏற முடியவில்லை. நுரையீரல் சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா?

பதில்: உண்டு. 1965-இலேயே விவரித்திருக்கிறார்கள். அரிது என்பதால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. நுரையீரல் திசு நன்றாகவே இருக்கும். ஆனால் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும், எக்ஸ்ரேயில் உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசை) மேலேறி நிற்கும். என்னிடம் வந்த ஒரு பெண்ணை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். பதினொன்றில் நின்றுவிட்டார். படுக்க வைத்ததும் ஏழு. அவர் கை தன்னையறியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி (இயன்முறை மருத்துவர் ஒருவர்): அது உதரவிதானத் தசை பலவீனம்தானே? பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமே?

பதில்: நெடுநாள் அப்படித்தான் நம்பினோம். பிறகு உதரவிதான நரம்பைத் தூண்டி அளந்து பார்த்தபோது பலருக்கு வலு சரியாகவே இருந்தது. இன்னொரு விளக்கம் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. இவர்களில் பெரும்பாலானோருக்கு உறை வலி இருக்கிறது, அல்லது முன்பு இருந்தது. வலிக்குப் பயந்து உடம்பு ஆழ்ந்த மூச்சைத் தவிர்க்கிறது. மாதக்கணக்கில் முழுதாக விரியாத நுரையீரல் விறைத்துப்போகிறது.

அதே கேட்பவர்: படுத்ததும் எண்ணிக்கை குறைந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அது தசை பலவீனத்தின் அடையாளம் இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணுக்குத் தசையும் ஓரளவு தளர்ந்திருக்கலாம். எல்லோருக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். என் வாதம் வரிசையைப் பற்றியது. அழற்சியை அடக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு ஆழ்ந்த மூச்சும் அவருக்குத் தண்டனை. முதலில் ஸ்டீராய்டோ நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தோ கொடுத்து வலியைக் குறைப்போம். அப்புறம் உங்கள் பயிற்சி கட்டாயம் வேண்டும். அந்தப் பெண் ஆறு மாதம் கழித்து இருபத்து மூன்று வரை எண்ணினார். அதில் இயன்முறை மருத்துவரின் பங்கும் இருந்தது.

கேள்வி: காய்ச்சல், சளி. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கூட்டினால் என்ன?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தொற்று இல்லை என்று தெரியும்வரை கூட்டக் கூடாது.

கேள்வி: ரத்தம் துப்பினால்தான் நுரையீரலில் ரத்தக்கசிவா?

பதில்: இல்லை. இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். லூபஸில் காற்றுப்பைகளுக்குள் ரத்தம் கசிவது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. ஒரு துளிகூடத் துப்பாமல் உள்ளேயே தேங்கலாம். மூச்சு சட்டென்று மோசமாகி, ஓரிரு நாளில் ஹீமோகுளோபினும் இறங்கினால் மருத்துவர் இதை நினைத்தாக வேண்டும்.

கேள்வி: ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருக்கிறது என்றார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: ஈஸ்ட்ரோஜன் உள்ளது வேண்டாம். அந்த ஆன்டிபாடி ரத்தம் உறையும் போக்கைக் கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜனும் அதையே செய்யும். வேறு வழிகள் உண்டு, மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், அதே வேலைக்கான புது மாத்திரை வசதி என்று தாமாக மாறிவிடாதீர்கள். இந்த ஆன்டிபாடியில் மூன்று வகையும் உள்ளவர்களுக்குப் புது மாத்திரைகளில் மறுபடி ரத்தக்கட்டி வருவது அதிகம்.

கேள்வி: லேசான காய்ச்சல்தான். ஸ்டீராய்டு...

பதில்: லேசான காய்ச்சலுக்கும் அதே பதில்தான். ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைத்துவிடும். உங்களுக்கு லேசாகத் தெரிவது லேசானதாக இல்லாமல் இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் கிளம்பி மருத்துவரைப் பாருங்கள், தம்பி.