தொரொங் லா ஏறும் திருமலைக்காரர் குடும்பத்தை எங்கே விடுவது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 38, வங்கி வேலை. நேபாளத்தில் அன்னபூர்ணா மலைச் சுற்றில், தொரொங் லா கணவாயைக் கடந்து போகும் பல நாள் மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஓட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மூன்று கிழமை லீவு கிடைக்கும். மனைவி, 9 வயது மகள், மாமி மூவரையும் கூட்டிப்போய் அதையே குடும்பச் சுற்றுலாவாகவும் ஆக்கலாமா? மாமிக்கு அங்கேயுள்ள முக்திநாத் கோயில் பார்க்க வேண்டுமாம்.

பதில்: ஆக்கலாம். முழுப் பயணத்தையும் மாமியின் முக்திநாத்தைச் சுற்றியே அமைத்துவிடலாம் என்பேன். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நால்வரும் ஒரே விமானத்தில் போய் இறங்காதீர்கள். முதல் இரண்டு கிழமை உங்களுடையது, கடைசிக் கிழமை அவர்களுடையது. அவர்கள் பிந்தி வரட்டும்.

காரணம் உயரம். தொரொங் லா 5,416 மீற்றர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், உப்புவெளிக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். நாம் கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் இரத்தம் பழக நாள் எடுக்கும். 3,000 மீற்றருக்கு மேலே போனபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கொரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. ஆகவே பந்தயத்துக்கு ஒரு கிழமை முன்பே போய், 2,500 முதல் 3,500 மீற்றர் வரையான ஊர்களில் சில இரவுகள் படுத்து எழும்புங்கள். மெதுவாக நடங்கள், படம் எடுங்கள், பருப்பும் சோறும் சாப்பிடுங்கள். உங்கள் பங்குச் சுற்றுலா அதுதான்.

காசு கட்டுமுன் பந்தய அட்டவணையையும் பாருங்கள். 3,540 மீற்றரில் இருக்கும் மனாங் ஊரில் ஓய்வு நாள் இல்லையென்றால் அந்தப் பந்தயம் உங்களுக்குச் சரிவராது. தலையிடி, சத்தி வந்தால் மேலே ஏறக்கூடாது. குறையவில்லையென்றால், அல்லது நடை தள்ளாடினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், மறுபேச்சில்லாமல் கீழே இறங்க வேண்டும். உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசற்றசோலமைட் மாத்திரை பற்றி இங்கேயே டொக்டரிடம் கேளுங்கள். சல்பா மருந்து ஒவ்வாதவரென்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

இனிப் பயிற்சி. திருமலையில் மலை எங்கே இருக்கிறது? கோணேசர் கோயில் ஏற்றத்தைப் பத்துத் தரம் ஏறினாலும் மலை ஏறியதாகாது. ஆனாலும் ஏறுங்கள், விடியற்காலையிலேயே. பிந்தினால் கோட்டைக்குள் மான்களும் பக்தர்களும் பாதையை நிறைத்துவிடுவார்கள். மாதம் ஒரு தடவையாவது மாத்தளைக்குப் போய், ரத்தோட்டை வழியாக றிவஸ்டன் மலைப் பக்கம் ஏறி இறங்குங்கள். சைக்கிளைத் தோளில் சுமந்து படி ஏறவும் பழகுங்கள். சிரிக்க வேண்டாம். கணவாயின் கடைசி ஏற்றத்தில் பலரும் சைக்கிளைத் தள்ளியோ தூக்கியோதான் போகிறார்கள். 2007 இல் தொடங்கிய யாக் அட்டாக் பந்தயத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கணவாய்தான்.

நமக்கு ஊர் தரும் வரம் ஒன்று இருக்கிறது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. ஆனி, ஆடியில் கந்தளாய்ப் பக்கம் போனால் நெஞ்சுக்கு நேரே அடிக்கும். ஏறக்குறைய 40 கிலோமீற்றர், ஒரு மத்தியானம் ஓடிப் பாருங்கள். முக்திநாத்திலிருந்து ஜொம்சொம் வழியாகத் தெற்கே இறங்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் இதே கதைதான்: மத்தியானத்துக்குப் பிறகு கீழிருந்து மேலாகப் பலமாக அடிக்கும், அதுவும் குளிராக. இறக்கம்தானே என்று நினைத்துப் போனவர்கள் இறக்கத்திலும் மிதித்துக்கொண்டு வருவார்கள். காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

அதே காற்றால்தான் பொக்கராவிலிருந்து ஜொம்சொம் போகும் சின்ன விமானங்கள் காலையில் மட்டும் பறக்கின்றன. குடும்பத்துக்கு அந்த வழிதான். பொக்கரா 820 மீற்றர். ஏரி, படகு, மகளுக்கு அது போதும். இரண்டு நாள் நின்று ஜொம்சொம்முக்குப் பறக்கட்டும். அது 2,700 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. வந்த அன்றே முக்திநாத்துக்கு ஏற்றாதீர்கள், கோயில் 3,700 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜொம்சொம்மிலோ பக்கத்து ஊரான மார்ஃபாவிலோ இரண்டு இரவு தங்கி, ஜீப்பில் போய்த் தரிசித்துவிட்டு, படுக்கக் கீழே வந்துவிட வேண்டும். மாமிக்குப் பிறசர் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் ரிக்கற் போடாதீர்கள். ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் அந்த முக்திநாத்தான். நீங்கள் கணவாயிலிருந்து இறங்கி வருவதும் நேரே அந்தக் கோயிலடிக்குத்தான். சேறும் தூசியுமாக மாமியின் பக்கத்தில் நின்று கும்பிடலாம்.

சார்க் நாட்டவர் என்பதால் முதல் 30 நாளுக்கு நேபாள விசாவுக்குக் கட்டணம் இல்லை. காப்புறுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்திரத்தில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: போட்டிகளை விலக்கியிருக்கிறதா, எத்தனை மீற்றர் உயரம் வரை செல்லும், ஹெலிகொப்டர் மீட்பு உண்டா. குளிர்க் கையுறைக்கு இங்கே அலைய வேண்டாம், காத்மண்டுவில் தமேல் கடைத்தெருவில் கிடைக்கும்.

கடைசியாக, சைக்கிளைப் பெட்டியில் போட ஒரு மாதம் முன்பே பெடல்களைக் கழற்றிப் பாருங்கள். நம் கடற்காற்றில் உப்புப் பிடித்து மரை இறுகிவிடும். விமானம் ஏறும் நாளுக்கு முதல் இரவு நான் அதோடு மல்லுக்கட்டிக் கைத்தோலை உரித்துக்கொண்டிருக்கிறேன். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்காதீர்கள். ஸ்பானரை மேல் நோக்கி நிறுத்திப் பின்சில்லுப் பக்கம் தள்ளினால் இரண்டுமே கழரும். திரும்பப் பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள்.