பழைய சாமான்களைப் பழுதுபார்ப்பது பொழுதுபோக்காகச் சரிப்படுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

தாராளமாகச் சரிப்படும். பாட்டி காலத்துத் தையல் மெஷின், சுவர்க் கடிகாரம், ரேடியோ எல்லாம் பரணில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தையல் மெஷினை முதலில் இறக்குங்கள். ரேடியோ அங்கேயே இருக்கட்டும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு. "கெட்டுப் போச்சு" என்று மூலையில் தள்ளிய மெஷின்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. பழைய எண்ணெய் காய்ந்து இறுகியோ, ஈரம் ஏறியோ, தூசி அடைத்தோ நின்றுபோனவை. உடைந்த பாகம் என்பது அபூர்வம். அதனால் பாகம் மாற்றப் பழகுவதற்கு முன் சுத்தம் செய்யப் பழக வேண்டும். பலருக்கு இது சப்பென்று தோன்றும். எனக்கு இதில்தான் ருசியே இருக்கிறது.

நான் இருப்பது கோத்தகிரி. இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் ஊர், மீதி நாளில் மூடுபனி. சுவரை ஒட்டி வைத்த இரும்புச் சாமான் எதுவும் ஒரு மழைக்காலம் தாண்டினால் துருவைக் காட்டிவிடும். அதற்கு அடுத்த எதிரி தேங்காய் எண்ணெய். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் கிறீச் என்று சத்தம் வந்தால் கைக்கு வருவது அதுதான். சமவெளியிலேயே அது நாளாக ஆகப் பிசினாகிவிடும். இங்கே இன்னொரு சங்கடம்: தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், எங்கள் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் அதைத் தொடுவதே இல்லை. மெஷினுக்குள் மெழுகை ஊற்றி வைத்த கதைதான்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார், இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்கள் நீலகிரியில் ஏராளம், டேன்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தொடங்கப்பட்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தபோது கூடவே வந்தது அவருடைய சிங்கர் மெஷின். "ஓடுறதே இல்ல தம்பி, எடைக்குப் போட்டுடலாம்னு மகன் சொல்றான்" என்றார். வீலைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

இப்படி இறுகிப்போன மெஷினைப் பலம் போட்டுத் திருப்பவே கூடாது. பலம் போட்டால்தான் உண்மையாகவே ஏதாவது உடையும். முதலில் ஊசியைக் கழற்றி, ஊசித் தட்டின் இரண்டு ஸ்குரூவையும் எடுத்தேன். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில், எத்தனையோ வருடத்து நூல் துகளும் எண்ணெயும் சேர்ந்து கம்பளித் துணி போலக் கெட்டியாகப் படிந்திருந்தது. குண்டூசியால் ஓரத்தைக் கிளப்பியதும் பல்லின் அச்சு அப்படியே பதிந்த ஒரு பட்டை முழுசாகக் கழன்று வந்தது. அடி நூலைக் கொண்டுபோகும் ஷட்டில் ஓடும் பள்ளத்தில் உடைந்த ஊசியின் நுனி ஒன்று. இடுக்கியால் அதை எடுத்தேன்.

பிறகு மண்ணெண்ணெய். எண்ணெய் விடும் ஓட்டைகளிலும், இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு இடத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கும்போது தீயும் வேண்டாம், சூடு காட்ட ஹேர் டிரையரும் வேண்டாம். ஆவி போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். மறுநாள் வீல் ஒரு நூலளவு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் கையில் தெரிந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான், மீதி எல்லாம் பொறுமை. பழுப்பாக வழியும் அழுக்கைத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி துடைத்து, அழுக்கு வருவது நின்றதும் தையல் மெஷின் ஆயில் போட வேண்டும். மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்டுவதற்கு அல்ல. கடையில் விற்கும் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயும் அப்படித்தான்: துருவை இளக்க நல்லது, ஆனால் ஆயில் போட வேண்டிய இடத்தில் அதை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

ஆயிலைப் பற்றிப் பேசும்போது குன்னூர் ஸ்டேஷனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் முதலில் செய்யப்பட்ட எக்ஸ் வகை மலை ரயில் நீராவி இன்ஜின் கிளம்புவதற்கு முன், நீள மூக்கு ஆயில் கேனோடு ஆள் அதைச் சுற்றி வருவதைப் பாருங்கள். பயணிகள் எல்லாரும் செல்ஃபி எடுக்கும் நேரம் அது. இத்தனை வருடம் பல்சக்கரத்தில் மலை ஏறும் இன்ஜின் இன்றும் ஏறுகிறது என்றால் அந்தக் கேனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மெஷினின் உடம்பில் இருக்கும் தங்கப் பூவேலையைத் துடைக்க ஸ்பிரிட்டையோ தின்னரையோ எடுத்துவிடாதீர்கள். மேலே பூசியிருப்பது அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட் பட்டால் கரைந்து பூவும் சேர்ந்து போய்விடும். பழைய பனியன் துணியில் அதே மெஷின் ஆயிலைத் தொட்டுத் துடைத்தால் போதும். நிக்கல் பாகத்தில் லேசான துரு என்றால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் அடுத்த புகார் வரும்: அடியில் நூல் கொத்துக் கொத்தாக விழுகிறது. உடனே எல்லாரும் அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸில் இருக்கும் குட்டி ஸ்குரூவைத் திருகுவார்கள். அதைத் தொடாதீர்கள். அடியில் கொத்து விழுந்தால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான். துணியை அழுத்தும் பாதத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோத்துவிடுங்கள், அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி நூல் நடுவில் போய் உட்காரும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள். ஊசியின் தண்டில் நீளப் பள்ளம் ஒரு பக்கம் இருக்கும், நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். மழுங்கிய ஊசியை வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுவது அநியாயம். ஊசி விலை என்ன பெரிய விலை? கேத்தியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலை இருக்கும் மாவட்டத்துக்காரன், ஊசியில் கஞ்சத்தனம் செய்வதை என்னால் பொறுக்க முடியாது.

மிதி மெஷினில் தோல் பெல்ட் ஈரக்காலத்தில் தொய்ந்துவிடும். கொஞ்சம் வெட்டி மறுபடி கொக்கி மாட்டினால் சரி. ரொம்ப இறுக்கினால் மிதிக்கக் காலே வலிக்கும். மேஜையின் டிராயர் திறக்கவில்லை என்று மழைக்காலத்தில் இழைப்புளியைத் தூக்கிவிடாதீர்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். பிப்ரவரி, மார்ச்சில் தானே சுருங்கும். இப்போது இழைத்தால் அப்போது டிராயர் லொடலொடவென்று ஆடும். மெழுகுவத்தியை ஓரத்தில் தேய்த்து வையுங்கள்.

அடுத்தது பெண்டுலம் கடிகாரம். நின்றுபோன கடிகாரத்தில் பாதிக்குக் காரணம் அது கோணலாக மாட்டியிருப்பது. காதை வைத்துக் கேளுங்கள்: டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே ஒரே இடைவெளி இருக்க வேண்டும். நொண்டியடித்தால் பெட்டியை இடமோ வலமோ இம்மி நகர்த்துங்கள். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. கடலோரத்தில் சரியாக ஓடிய கடிகாரத்தை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குக் கொண்டுவந்தால், புவியீர்ப்பு சற்றே குறைவதால் நாளொன்றுக்கு இருபது, முப்பது வினாடி வரை பின்தங்கும். அதே சமயம் குளிரில் உலோகத் தண்டு சுருங்குவதால் கொஞ்சம் முந்தவும் பார்க்கும். பித்தளைத் தண்டு என்றால் 10 டிகிரி குறைவுக்கு நாளுக்கு எட்டு வினாடி போல. இரண்டும் இழுத்துக்கொண்டு கடைசியில் பின்தங்கல்தான் ஜெயிக்கும். குண்டுக்கு அடியில் இருக்கும் நட்டைத் திருகிக் குண்டை மேலே ஏற்றினால் வேகம் கூடும். கோயம்புத்தூரிலிருந்து சீதனமாக வந்த கடிகாரம் "ராசியில்லாதது" என்று ஒரு வீட்டில் மூலையில் கிடந்தது. அதற்குத் தேவைப்பட்டது அரைச் சுற்றுத் திருகல்தான். சாவி கொடுக்கும் ஸ்பிரிங் இருக்கும் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள், விரலைப் பதம் பார்த்துவிடும்.

பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் பற்றி ஒரே வரி: காற்று ஏறவில்லை என்றால் தோல் வாஷர் காய்ந்திருக்கும், எண்ணெயில் ஊறப்போடுங்கள்.

ரேடியோவுக்கு வருகிறேன். வால்வு ரேடியோவில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். பழைய கப்பாசிட்டர் ஈரம் குடித்துக் கசிந்திருக்கும். பரணிலிருந்து இறக்கியதும் பாடுகிறதா என்று கரண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது, பல ரேடியோக்கள் கருகியது அந்த நிமிடத்தில்தான். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தொடுங்கள். மைக்ரோவேவ் ஓவன் என்றால் அப்போதும் வேண்டாம்.

பணம் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வராது. ஸ்பேருக்காகக் கோயம்புத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைகளுக்கு இறங்கிப் போய்வரும் பஸ் காசே கணக்கில் உதைக்கும். அந்த சிங்கர் மெஷின் அம்மாவின் பேத்தி இப்போது அந்த மெஷினில் பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடிக்கிறாள், எனக்கு அந்தச் சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணை வரை கேட்கிறது. நான் கேட்ட கூலி அதுதான்.

ஸ்பேர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சிங்கர் ஸ்குரூக்களின் மரை கம்பெனியின் சொந்த அளவு, ஹார்டுவேர் கடை ஸ்குரூ ஏறாது. கழற்றும் ஒவ்வொன்றையும் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் கோயம்புத்தூர் லேத் பட்டறையில் கடைந்துதான் வாங்க வேண்டும். வட்டப் பாபின் போடும் பழைய மெஷின் பெரும்பாலும் 15 வகை; உஷா, மெரிட் பாபினே பொருந்தும், தெருமுனையில் கிடைக்கும். நீளக் குச்சி மாதிரி பாபினும் படகு வடிவ ஷட்டிலும் இருந்தால் அது இன்னும் பழைய வகை, பாகம் கிடைப்பது கஷ்டம். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அடித்தட்டின் வலது பக்கம் எழுத்தோடு ஓர் எண் பொறித்திருக்கும். ஒய் என்றோ எஃப் என்றோ தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தது. அந்த எண்ணையும் பாபின் படத்தையும் கமெண்டில் போட்டால், எந்த ஊசி, எந்தப் பாபின் என்று பார்த்துச் சொல்கிறேன்.