பெட்டியும் மாலை ஆறரை மணியும்

அன்புள்ள ஐயா,

எனக்குத் திருமங்கலம். மதுரையில் ஒரு கல்லூரியில் படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது, அக்டோபர் முதல் வாரம் புறப்பாடு. வீட்டில் பெட்டி கட்டும் படலம் நடக்கிறது. அம்மா உப்புக்கண்டம், நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று அடுக்குகிறார். அப்பா தினமும் எடை போட்டுப் பார்க்கிறார். விமானத்தில் அனுமதிக்கும் 23 கிலோவைத் தாண்டி நாளாகிறது. எதை விடுவது? போன இடத்தில் எப்படிக் காலூன்றுவது? நான் இதுவரை விடுதியில்கூடத் தங்கியதில்லை.

ம., திருமங்கலம்

அன்புள்ள ம.,

அம்மாவிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை, சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகக் கூடாது. உப்புக்கண்டம், நெய், பால்கோவா மூன்றும் அதில் அடங்கும். வேடிக்கை என்னவென்றால், கருவாட்டுக்குத் தடையில்லை. சொந்த உபயோகத்துக்கு மீன் வகை 20 கிலோ வரை அனுமதி உண்டு. ஆனால் பொதுச் சமையலறையில் அதைப் பொரித்த பிறகு பக்கத்து அறைக்காரர்கள் உங்களுடன் பேசுவார்களா என்பதற்கு எந்த விதியும் உத்தரவாதம் தராது.

மற்றதைப் பொறுத்தவரை நான் சொல்வது ஒன்றுதான். ஆறு மாதத்துக்குக் கட்டாதீர்கள், முதல் பத்து நாளுக்குக் கட்டுங்கள். அரிசியும் பருப்பும் மிளகாய்த்தூளும் லைப்சிக்கின் ஆசியக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காதது உங்கள் வீட்டுப் பொடிதான். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி போதும். மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கும் ஸ்வெட்டர் கொடைக்கானலுக்குச் சரி, அங்கத்திய டிசம்பருக்கு ஆகாது. காற்றும் ஈரமும் புகாத கோட்டு ஒன்றை அங்கேயே வாங்குங்கள். பழைய துணிக் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். பெட்டியில் ஸ்வெட்டருக்கான இடத்தில் ஒரு போர்வையும் படுக்கை விரிப்பும் துண்டும் வையுங்கள். மாணவர் விடுதி அறையில் கட்டிலும் மெத்தையும் இருக்கும், விரிப்பு பெரும்பாலும் இருக்காது. சனி இரவு போய் இறங்கினால் விடிந்தால் ஞாயிறு. அங்கே ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக் கடைகளை விட்டால் சோப்பு வாங்கக்கூட வழியில்லை. முடிந்தால் வாரநாளில் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.

கண்ணாடி அணிபவர் என்றால் இன்னொரு ஜோடி இங்கேயே செய்துகொள்ளுங்கள். பல்வலி எதுவும் பாக்கி வைக்காதீர்கள். மூலச் சான்றிதழ்களும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும்.

குக்கர் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடுக்கலாம், சின்னதாக, உபரி கேஸ்கெட்டோடு. அதற்கு முன் விடுதியில் என்ன அடுப்பு என்று எழுதிக் கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் குக்கரின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அந்தக் குக்கர் அங்கே வெறும் பாத்திரம்தான். தாளிக்கும்போது சன்னலைத் திறந்துவைத்து, நடைக்கூடத்துக் கதவை மூடிவிடுங்கள். நம் வழக்கம் நேர்மாறு, கதவைத் திறந்துவிடுவோம். காய்ந்த மிளகாய்ப் புகை நடைக்கூடத்தில் உள்ள தீ எச்சரிக்கைக் கருவியைத் தொட்டால் சைரன் அலறி, மொத்தக் கட்டடமும் குளிரில் வெளியே வந்து நிற்கும். யார் தாளித்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். விடுதிக்காரரின் கையெழுத்திட்ட சான்று அதற்குத் தேவை. சாவி வாங்கும் அன்றே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி காலூன்றும் விஷயம். அண்ணன் மகன் அங்கே படித்தபோது ஒரு டிசம்பரில் நான் போய்த் தங்கியிருக்கிறேன். நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள்; அதுமுதல் மார்ச் இறுதிவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறரை என்றால் திருமங்கலத்தில் இரவு பதினொன்று. வீடு உறங்கிவிடும். உங்களுக்கோ படுக்கப் போக இன்னும் நாலைந்து மணி நேரம் இருக்கும். பகல் வகுப்பில் போய்விடும், அழுகை வருவது இந்த நேரத்தில்தான். அம்மாவைத் தூங்கவிடாமல் வீடியோவில் பிடித்துவைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் உடம்பு கெட்டதுதான் மிச்சம்.

ஆகவே ஆறரைக்குப் பிறகு எங்காவது போக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகமே மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மாலை விளையாட்டு வகுப்புகள் நடத்துகிறது. நல்ல வகுப்புகள் பதிவு தொடங்கியதுமே நிரம்பிவிடும், எனவே பதிவு நாளை இங்கிருந்தே பார்த்து வையுங்கள். தமிழ் மாணவர் கூட்டம் இருக்கும், வார இறுதியில் பிரியாணி போடுவார்கள், போய்ச் சாப்பிடுங்கள். ஆனால் வாரம் முழுக்க அங்கேயே இருந்தால் திருமங்கலத்திலேயே இருந்திருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை ஹாலேக்குப் போய்வாருங்கள், ரயிலில் சுமார் அரை மணி நேரம்தான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று அச்சகம் நடத்திய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் படித்த ஊர். அங்குள்ள பிராங்கே அறநிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பார்க்க விரும்பினால் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள்.