நில அதிர்வுக் கருவி வைத்தால் பாறைச் சரிவை முன்கூட்டியே அறியலாமா? வேலூர் மலையடிவாரத்துக்கு அது உதவுமா?

மலையே பெயர்ந்து வரும் பெரிய சரிவு என்றால் உதவும். வேலூரின் காகிதப்பட்டறை மாதிரி ஒற்றைப் பாறை உருளும் இடத்தில் அந்தக் கருவியை மட்டும் நம்ப முடியாது. வேலூர்க்காரன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிலநடுக்கத்தில் கருவியின் கோடு சட்டென்று எகிறும். சரிவில் அப்படி இல்லை. அதிர்வு மெல்ல ஏறி, பருத்து, மெல்ல அடங்கும். இதை வைத்தே இரண்டையும் பிரிக்கிறார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் சரிந்தபோது நில அதிர்வு நிலையங்களில் அது பதிவானது. அதை உடனுக்குடன் கவனிக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வேலை பார்த்தவர்களுக்குச் சில நிமிடமாவது கிடைத்திருக்கும். 200 பேருக்கு மேல் பறிகொடுத்தோம்.

நம் மலைகள் வேறு ரகம். கருங்கல் காலங்காலமாகச் சிதைந்து, சிதையாத உருண்டைகள் மட்டும் மண்ணில் பாதி புதைந்து நிற்கின்றன. அடைமழையில் அடிமண் கரைந்தால் ஒன்று நழுவும். 2021 நவம்பர் மழையில் காகிதப்பட்டறையில் வீட்டின் மேல் பாறை விழுந்து தாயும் மகளும் இறந்தார்கள். உருளத் தொடங்கினால் வீட்டை எட்டச் சில விநாடி போதும். தூங்குகிறவர்கள் எழுந்து ஓட முடியாது. போதாக்குறைக்கு லாரி, ரயில், கல்குவாரி வெடி எல்லாம் பதிவைக் குழப்பும்.

தாய்ப்பாறையை ஒட்டி நிற்கும் பாறைத் தூண்களுக்கு இன்னொரு வழி உண்டு. தூணின் மேலே ஜியோபோன் என்ற சின்ன அதிர்வு உணர்கருவியைப் பொருத்தி, தூணின் இயல்பான அதிர்வெண்ணைக் கவனிப்பார்கள். விரிசல் ஆழமானால் அந்த அதிர்வெண் இறங்கும். கீறல் விட்ட பானையைத் தட்டினால் ஓசை மாறுகிறதே, அதுபோல. பிரான்ஸில் ஷாமூசே என்ற இடத்தில் 2007-இல் சுமார் 21,000 கன மீட்டர் பாறை விழுவதற்கு முன் இதைப் பதிவு செய்தார்கள். மண்ணில் உட்கார்ந்த நம் உருண்டைகளுக்கு அது பொருந்தாது.

என்னைக் கேட்டால், முதலில் எந்த வீட்டுக்கு மேலே எந்தப் பாறை நிற்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அப்புறம் அந்தப் பாறைகளில் சாய்வுமானி, அடிவாரத்தில் மழைமானி. ஆபத்தானதை உடைக்க வேண்டும், அல்லது கம்பி வலை போட்டுக் கட்ட வேண்டும். பழைய வட ஆற்காட்டின் திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு 7 பேரைக் கொன்றதும் ஃபெஞ்சல் புயல் மழையில்தான். அதனால் மழை வலுக்கும்போதே, இருட்டுவதற்கு முன், அடிவார வீடுகளைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். மலைப்பக்கம் புது வெடிப்போ, சாய்ந்த மரமோ, தானாக உருண்டு வரும் சின்னக் கற்களோ கண்ணில் பட்டால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி வேறு இடத்தில் தங்குங்கள்.